இரண்டாவது பெயர்: கே.எஸ். கிருஷ்ணன்

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு லிட்ரேச்சர் சர்வே பண்றப்போ நாம முதல்ல பார்க்கிறது, எந்த பேப்பரை அதிகம் பேர் சைட் பண்ணியிருக்காங்கங்கிறதைத்தான். முக்கியமான பேப்பரை அந்த எண்ணிக்கை காட்டிடும். அதுக்குப் பின்னாடி உழைச்ச எல்லாரையும் காட்டுமா? நம்ம மதுரையில படிச்ச ஒருத்தரோட வாழ்க்கை இதுக்கு நல்ல பதில்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898-ல் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற வத்திராயிருப்பில் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி, அப்புறம் மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி. பிறகு கல்கத்தா போய் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சியில் சேர்ந்தார்.

1928 பிப்ரவரி. சூரிய ஒளியை லென்ஸால் குவித்து, நீல-ஊதா ஃபில்டர் வழியாகச் சுத்தமான திரவத்துக்குள் செலுத்தினார்கள். சிதறி வரும் ஒளியை, அந்த நீலத்தை முழுசா தடுக்கிற இன்னொரு ஃபில்டர் வழியாகப் பார்த்தால் இருட்டாத்தான் இருக்கணும். ஆனா வெளிச்சம் தெரிஞ்சது! ஒளியில் ஒரு பங்கு நிறம் மாறி வந்திருந்தது. சுமார் 60 திரவங்களில் சோதித்தார்கள். எல்லாத்திலும் அதே விளைவு. மார்ச் 31 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயர்கள்.

விளைவுக்கு ராமன் பெயர் நிலைத்தது. 1930 நோபல் பரிசும் அவருக்கு மட்டுமே. பிறகு 1964-ல் அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்ட் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' கொண்டுவந்தார். எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தேடித்தரும் புத்தகம் அது. ஆனா மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அதில் முதல் ஆசிரியர் பெயரில்தான் இருக்கும். அதனால கிருஷ்ணன் பெயரில் தேடினா 1928 கட்டுரை கிடைக்காது.

கிருஷ்ணன் அதோட நின்னுடல. டாக்கா பல்கலைக்கழகம் போய், படிகங்களின் காந்தத்தன்மை திசைக்குத் திசை எப்படி மாறுதுன்னு நுட்பமா அளந்தார். 1940-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1958-ல் முதல் பட்நாகர் விருது. 1961-ல் மறைந்தார். கார்ஃபீல்டின் இண்டெக்ஸை அவர் பார்க்கவே இல்லை.

எண்ணிக்கை தப்பு இல்ல. 1928 கட்டுரை முக்கியம்னு அது சரியாவே சொல்லும். ஆனா அது கட்டுரையை அளக்குது, ஆளை இல்ல. அடுத்த தடவை ரெஃபரன்ஸ் லிஸ்டில் முதல் பெயருக்கு அப்புறம் 'மற்றும் பலர்'னு பார்த்தா, ஒரு நிமிஷம் அந்த பேப்பரைத் திறந்து அந்தப் பலர் யார்னு படிச்சுடுங்க. அதில் ஒருத்தர் வத்திராயிருப்பு மாதிரி ஊர்ல இருந்து வந்தவராக்கூட இருக்கலாம்.