பனங்காட்டுப் பாதிரியார் கால்டுவெல்

அது 1841-ம் ஆண்டு. திருநெல்வேலிச் சீமையின் தென்கோடி. செம்மண் தேரியில் ஒரு வெள்ளைக்காரர் நடந்து வந்தார். அவருக்கு வயது 27.

அவர் சென்னையில் இருந்து புறப்பட்டவர். வண்டி உண்டு, பல்லக்கு உண்டு. ஆனால் நாட்டையும் மக்களையும் பார்க்க வேண்டும் என்று கால்நடையாகவே வந்தார். சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, கோயமுத்தூர், மதுரை என்று சுற்றி, நெல்லைச் சீமைக்கு வந்து சேர்ந்தார்.

அவர்தான் ராபர்ட் கால்டுவெல். அவர் போய்ச் சேர்ந்த ஊர் இடையன்குடி. அதன் பிறகு வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் அங்கேயே கழித்தார்.

நெல்லும் பனையும்

திருநெல்வேலி என்றதும் நெல்தான் நினைவுக்கு வரும். பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, தன் இரு கரைகளையும் பச்சைப் பட்டு உடுத்தி வைத்திருக்கிறது. கார், பிசானம் என்று இரண்டு போகம் விளையும் பூமி அது.

ஆனால் ஆற்றை விட்டுத் தெற்கே போகப் போக, பூமி வேறாகிவிடும். சிவந்த மணல். ஓடி வரும் காற்று. கண்ணுக்கு எட்டிய தூரம் பனைமரம். ஆறு கொடுக்காததை அங்கே பனை கொடுத்தது. ஓலை வீட்டுக்கு, நார் கட்டிலுக்கு, நுங்கும் கிழங்கும் வயிற்றுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பதநீர். உள்ளூர்ப் பேச்சில் அது பதனி.

அந்தப் பதநீரை இறக்கிய மக்கள் நடுவேதான் கால்டுவெல் குடியேறினார்.

ஓவியம் படித்த பையன்

கால்டுவெல் 1814-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி அயர்லாந்து நாட்டில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். சிறு வயதிலேயே குடும்பம் ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகருக்குத் திரும்பியது. பையனுக்குச் சித்திரம் வரைவதில் ஆசை. டப்ளின் நகருக்குப் போய் ஓவியம் கற்றார். பிறகு மனம் மாறியது. சமய ஊழியம் செய்யத் தீர்மானித்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். அங்கேதான் மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆர்வம் அவருக்கு ஏற்பட்டது.

1837-ல் கப்பல் ஏறினார். அதே கப்பலில் தெலுங்கு அறிஞர் சி.பி.பிரவுனும் வந்தார். நாலு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு, 1838-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி சென்னையில் இறங்கினார். மூன்று ஆண்டுகள் அங்கே தமிழ் படித்தார். அதன் பிறகுதான் அந்த நெடிய நடைப்பயணம்.

1844-ல் எலிசா மால்ட்டை மணந்தார். நாகர்கோவிலில் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட்டின் மகள் அவர். எலிசாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். நூலில் பூ வேலை செய்யும் லேஸ் பின்னலைக் கற்றுக் கொடுத்தார்.

இரண்டு கலயம்

இடையன்குடியில் பொழுது விடியும் முன்பே பனையேறி வேலையைத் தொடங்கி விடுவார். காலில் தளை. இடுப்பில் பெட்டி, அதில் பாளை சீவும் அரிவாள். கிளை இல்லாத, கைப்பிடி இல்லாத மரம். அதில் ஏறிப் பாளையைச் சீவி, கலயத்தில் சொட்டிய பதநீரை இறக்க வேண்டும். முப்பது, நாற்பது மரம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. தளை நழுவினால் உயிர் போகும்.

அந்தக் கலயத்துக்குள்தான் ஓர் அதிசயம் இருந்தது.

ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால், காலையில் இனிக்கும் பதநீர் கிடைக்கும். சுண்ணாம்பு தடவாமல் கட்டினால், அதே சாறு இரவிலேயே நுரைத்துக் கள்ளாகிவிடும்.

பதநீர் குழந்தைகளும் குடிக்கும் பானம். அதை விடிலிக்குக் கொண்டு வருவார்கள். பனையேறியின் மனைவி அடுப்பு மூட்டிக் காய்ச்சுவாள். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையைப் பொடித்துப் போடுவாள். பாகு இறுகும் பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றி ஆற வைத்தால் கருப்பட்டி. தெற்குச் சீமையில் இறங்கிய பதநீரில் பெரும்பகுதி இப்படிக் கருப்பட்டியாகத்தான் காய்ந்தது. எட்டு லிட்டர் பதநீர் காய்ந்தால் சுமார் ஒரு கிலோ கருப்பட்டி தேறும்.

சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளிக்கும். மிகுந்தால் கருப்பட்டியின் நிறமும் சுவையும் கெடும். இந்த அளவை எந்தப் புத்தகமும் சொல்லிக் கொடுக்கவில்லை. தகப்பன் கையைப் பார்த்து மகன் கற்றான்.

வெள்ளைக்காரர் நாட்டுக் கள்

சாறு நுரைத்துப் போதையாகும் கதை கால்டுவெல் பிறந்த நாட்டுக்கும் புதிதல்ல. அங்கே பனை கிடையாது, பார்லி உண்டு. பார்லியை ஊற வைத்து, முளை கட்டி, உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் போட்டு இனிப்புச் சாறு எடுப்பார்கள். ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். ஆறியதும், முந்திய தடவை எடுத்து வைத்த நுரையில் கொஞ்சம் சேர்ப்பார்கள். சில நாளில் அது பீர் ஆகும். பல வீடுகளில் இதைக் குடும்பத்தாரே செய்து கொண்டார்கள். இன்று அந்தப் பார்லிப் பாகு டப்பாவிலேயே விற்கிறது. தண்ணீர், சர்க்கரை, ஈஸ்ட் சேர்த்து மூடி வைத்தால் வீட்டிலேயே பீர் தயார்.

பனைக்கு இத்தனை வேலை இல்லை. பார்லிக்குள் இருக்கும் மாவுச்சத்தை முளை கட்டித்தான் சர்க்கரையாக்க வேண்டும். பனையோ சர்க்கரையைத் தயாராகவே சொட்டுகிறது. ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் இருக்கிறது. அது சாற்றில் விழுந்து, சர்க்கரையைத் தின்று, சாராயச் சத்தையும் காற்றையும் வெளிவிடுகிறது. அந்தக் காற்றுதான் நுரை. நம் வீட்டில் இட்லி மாவு இரவில் பொங்குவதும் இப்படி நுண்ணுயிர்கள் செய்யும் வேலைதான். கள்ளையும் அப்படியே விட்டால் மேலும் புளித்துக் காடியாகும்.

கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தபோது, இது ஏன் நடக்கிறது என்பது பற்றி ஐரோப்பிய மேதைகளுக்குள்ளேயே சண்டை. பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857-ல் தொடங்கி வரிசையாகச் சோதனைகள் செய்தார். நுண்ணுயிர்களே புளிப்புக்குக் காரணம் என்று காட்டினார். 1876-ல் பீரைப் பற்றியே ஒரு பெரிய நூல் எழுதினார். சூடாக்கினால் அந்த உயிர்கள் சாகும் என்பதும் அவர் காட்டிய வழி.

சுண்ணாம்பின் காரம் பட்டால் ஈஸ்ட் தலையெடுக்காது. அடுப்பில் கொதித்தால் செத்துப் போகும். காரணம் தெரியாமலேயே, பாஸ்டர் பிறப்பதற்கு முன்பிருந்தே, இந்த இரண்டையும் பனங்காட்டில் செய்து வந்தார்கள்!

புண்படுத்திய புத்தகம்

இவ்வளவு நுட்பம் தெரிந்த மக்களைக் கால்டுவெல் தொடக்கத்தில் சரியாகப் புரிந்து கொள்ளவில்லை. 1849-ல் அவர்களைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். வெளிநாட்டாரிடம் ஊழியத்துக்கு ஆதரவு தேட அது உதவியது. ஆனால் அதில் பனையேறும் மக்களை அறிவில் தாழ்ந்தவர்களாக எழுதி விட்டார். அவர்கள் வேறு நாட்டில் இருந்து வந்து குடியேறியவர்கள் என்றும் எழுதினார்.

நாடார் சமுதாயம் கொதித்தது. ஆங்கிலம் படித்த இளைஞர்கள் மறுப்பு எழுதினார்கள். 1880-களிலும் அரசாங்கத்துக்கு மனுக்கள் பறந்தன. மிஷனரிகள் மீது மனத்தாங்கல் கொண்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளை என்பவர், 1857-ல் நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில் தனிச் சபையே தொடங்கினார். அந்தச் சபையின் நற்கருணையில் ஒயினுக்கு இடம் இல்லை. புளிக்காத திராட்சைச் சாற்றையே பயன்படுத்தினார்கள்.

நல்லவர் செய்த பிழையும் பிழைதான். கால்டுவெல்லின் வரலாற்றில் அந்தப் பக்கத்தை மறைக்க முடியாது.

அழியாத பணி

ஆனால் அந்த ஒரு பக்கம் மட்டுமே அவர் அல்ல.

இடையன்குடியில் நேரான தெருக்கள் அமைத்தார். கிணறு வெட்டினார். மரம் நட்டார். பள்ளிகள் திறந்தார். 1847-ல் ஒரு கோவிலுக்கு அடிக்கல் நாட்டினார். ஓவியம் படித்த கை அல்லவா? அதன் வேலைப்பாடுகளைத் தாமே வகுத்தார். அது முடிந்து பிரதிஷ்டை ஆனது 1880-ல்! முப்பத்து மூன்று ஆண்டு உழைப்பு.

1856-ல் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் துளுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அவை வடமொழியில் இருந்து பிறந்தவை அல்ல என்று சான்றுகளை அடுக்கி நிறுவினார். தென்மொழிகளின் உறவை 1816-லேயே எல்லிஸ் துரை சொல்லியிருந்தார். அதை முழு இலக்கணமாக எழுதி உலகம் ஏற்கும்படி செய்தவர் கால்டுவெல்.

தாமிரபரணியும் அவரை இழுத்தது. ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த பழைய பாண்டியத் துறைமுகம் கொற்கை. அங்கேயும் காயலிலும் மண்ணைத் தோண்டி ஆராய்ந்தார். ஆறு கொண்டு வந்த வண்டல் சேர்ந்து சேர்ந்துதான் கடல் பின்வாங்கியது, கொற்கை உள்நாட்டு ஊரானது என்று எழுதினார். 1881-ல் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்டார்.

1877-ல் பிஷப் ஆனார். அது தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டிய காலம். கஞ்சிக்கு வழியில்லாமல் ஜனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள்.

1883-ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். 1891-ன் தொடக்கத்தில் ஓய்வு பெற்றுக் கொடைக்கானல் போனார். அந்த ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 77. அயர்லாந்தில் பிறந்தவரின் உடலை மலையில் இருந்து இறக்கி, இடையன்குடிக்கே கொண்டு வந்து, அவர் கட்டிய கோவிலிலேயே அடக்கம் செய்தார்கள்.

அந்தக் கலயம்

கால்டுவெல்லுக்குச் சென்னைக் கடற்கரையில் 1968-ல் சிலை வைத்தார்கள். பனையேறிக்குச் சிலை இல்லை. ஆனால் அவர் ஏறிய பனையைத் தமிழ்நாட்டின் மாநில மரமாக 1978-ல் அறிவித்தார்கள்.

கள்ளுக்குச் சட்டம் வந்தது, போனது, மீண்டும் வந்தது. 1886-ல் வெள்ளையர் அரசு ஆப்காரிச் சட்டம் போட்டு வரி வாங்கியது. 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. பின்னர் கடை திறந்தது, மூடியது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. பதநீருக்குத் தடை இல்லை. இரண்டுக்கும் நடுவே நிற்பது, இன்றும் அந்த ஒரு விரல் சுண்ணாம்புதான்.

இன்று பனை ஏறுவோர் குறைந்து விட்டார்கள். ஆனால் திசையன்விளை, உடன்குடிப் பக்கம் வெயில் காலத்தில் போகிறவர்கள் ஓலைப் பட்டையில் பதநீர் வாங்கிக் குடிக்கலாம். அப்படியே இடையன்குடிக்கும் போய் வரலாம். பள்ளிக்கூடம் பார்க்காத மக்கள் காத்து வந்த அறிவு பட்டையில் இனிக்கும். அவர்களைத் தவறாக எழுதி, அவர்கள் தாய்மொழியின் பெருமையைச் சரியாக எழுதிய மனிதர் பக்கத்திலேயே உறங்குகிறார்.