பூடிக்கா

பூடிக்கா (இறப்பு: கிபி 60 அல்லது 61) பிரித்தானியாவின் கிழக்குக் கரையோரத்தில், இன்றைய நோர்போக் பகுதியில் வாழ்ந்த ஐசினி என்னும் கெல்டிக் இனக்குழுவின் அரசி ஆவார். உரோமப் பேரரசுக்கு எதிராக நடத்திய கிளர்ச்சியினால் பெரிதும் அறியப்படுகிறார். இவரைப் பற்றிய செய்திகள் டாசிட்டசு, காசியசு டியோ ஆகிய உரோம வரலாற்றாளர்களின் நூல்கள் வழியாகவே கிடைக்கின்றன. எனவே இவரது வரலாறு எதிர்த்தரப்பின் கூற்று என்பதை மனதிற் கொண்டே படிக்க வேண்டும்.

பின்னணி

கிபி 43 இல் உரோமர் படையெடுத்தபோது ஐசினியர் அவர்களுடன் உடன்பட்டுத் தம் அரசைத் தக்கவைத்துக் கொண்டனர். கிபி 47 இல் ஆளுநர் ஒசுடோரியசு சுகாபுலா படைக்கலங்களைப் பறிக்க முற்பட்டதால் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டது. பூடிக்காவின் கணவர் பிரசுடாகசு உரோமுக்கு அடங்கிய மன்னராக ஆண்டார். தன் இரு மகள்களுடன் பேரரசர் நீரோவையும் உயிலில் வாரிசாகக் குறித்தால் குடும்பமும் நாடும் காக்கப்படும் என அவர் நம்பினார். ஆனால் அவர் இறந்ததும் உரோம அலுவலர்கள் நாட்டைக் கைப்பற்றப்பட்ட நிலம் போலவே நடத்தினர். பூடிக்கா கசையடி பெற்றார்; மகள்கள் வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டனர்; உயர்குடியினர் தம் நிலங்களை இழந்தனர். தத்துவ அறிஞர் செனீக்கா தாம் கொடுத்திருந்த பெருங்கடனை ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்டதும் கிளர்ச்சிக்குக் காரணம் என்கிறார் டியோ.

கிளர்ச்சி

ஆளுநர் சுவெடோனியசு பாலினசு மேற்கே மோனா (இன்றைய ஆங்கில்சி) தீவில் போரிட்டுக் கொண்டிருந்தபோது ஐசினியரும், அண்டையிலிருந்த திரினோவாந்தரும் எழுந்தனர். மதிற்சுவர் இல்லாத கமுலோடுனம் (இன்றைய கோல்செசுடர்) முதலில் வீழ்ந்தது. நிதி அலுவலர் காட்டசு டெசியானசு அதன் உதவிக்கு அனுப்பியவர்கள் ஏறத்தாழ 200 பேர் மட்டுமே. பின்னர் அவர் கோல் நாட்டுக்குத் தப்பியோடினார். குளோடியசின் கோயிலுக்குள் ஒதுங்கியோர் இரண்டு நாட்கள் தாக்குப்பிடித்தனர். மீட்க வந்த ஒன்பதாம் படையணியின் காலாட்படை அழிந்தது. இலண்டனைக் காக்க இயலாது எனக் கணித்த ஆளுநர் அதைக் கைவிட்டார். இலண்டனும் வெருலாமியமும் எரியூட்டப்பட்டன. மூன்று நகரங்களிலும் 70,000 பேர் இறந்ததாக டாசிட்டசு கூறுவது மிகையாக இருக்கலாம். எனினும் கோல்செசுடரிலும் இலண்டனிலும் அகழ்வாய்வில் வெளிப்படும் எரிந்த செம்மண் அடுக்கு அழிவின் கடுமையைக் காட்டுகிறது.

தோல்வியும் பின்விளைவுகளும்

இறுதிப் போர் நடந்த இடம் அறியப்படவில்லை. ஏறத்தாழ 10,000 உரோம வீரர்கள் ஒடுங்கிய நிலப்பகுதியில் நின்று போரிட்டு வென்றனர். போரைக் காண வந்த குடும்பத்தினரின் வண்டிகளே பிரித்தானியர் பின்வாங்கும் வழியை அடைத்துவிட்டன. பூடிக்கா நஞ்சுண்டு இறந்தார் என டாசிட்டசும், நோயுற்று இறந்தார் என டியோவும் எழுதியுள்ளனர். ஆளுநரின் கடும் பழிவாங்கலைப் புதிய நிதி அலுவலர் கிளாசிசியானசு எதிர்த்தார். ஆளுநரும் பின்னர் மாற்றப்பட்டார்.

மகள்களுடன் தேரில் நிற்கும் பூடிக்காவின் வெண்கலச் சிலை 1902 இல் வெசுட்மினிசுடர் பாலத்தருகே நிறுவப்பட்டது. அவர் எரித்த இலண்டனிலேயே அது நிற்கிறது.