மோதுகையை ஆராய்ந்த மேதை சேர் சி. வி. இராமன்

ஒளிச்சிதறலினாற் புகழெய்திய சேர் சந்திரசேகர வேங்கட இராமனை அறியாதார் இலர். அதற்குப் பத்தாண்டு முன்னரே அவர் கோளங்களின் மோதுகையை ஆராய்ந்தார் என்பதைச் சிலரே அறிவர். தமிழாசிரியராகிய நாம் பௌதிகம் பேசப் புகுவது மிகையெனினும், இவ்வரலாறு மாணவர்க்குப் பயன்படும் என்பது நம் துணிபு.

1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருவானைக்காவிற் பிறந்த இராமன், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று 1907 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறையில் உத்தியோகம் ஏற்றார். பகலிற் கணக்கேடும், காலை மாலைகளில் ஆய்வுகூடமுமாகப் பத்தாண்டுகள் கழிந்தன. 1917 இல் அவ்வுயர் பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

மிகச் சிறிய வேகத்துடன் மோதும் கோளங்களை ஒளிப்படம் பிடித்து ஆராய்ந்த அவர்தம் கட்டுரை 1918 இல் வெளிவந்தது. அதன் பொருளை உணரப் பூவரசங்குளத்துச் சிறுவர் ஆடும் போளையே போதும். சம திணிவுள்ள இரு போளைகளுள் ஒன்று, செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்துடன் சென்று, ஓய்விலுள்ள மற்றதை நேரே மோதுவதாகக் கொள்வோம். உருளலைக் கருதாது விடுவோம். இரண்டும் ஒட்டிக்கொள்ளின் பொதுவேகம் 2 மீற்றர். பூரண மீள்தன்மை உளதாயின் முதலாவது நிற்க, இரண்டாவது 4 மீற்றர் வேகத்துடன் செல்லும். ஈரிடத்தும் முழு உந்தம் மாறவில்லை. இயக்கப்பாட்டுச் சக்தியோ முன்னையதிற் பாதியாகிவிட்டது; இழந்தது வெப்பமாகவும் ஒலியாகவும் மாறிற்று.

பிரியும் வேகத்துக்கும் அணுகும் வேகத்துக்கும் உள்ள விகிதமே மீளமைவுக் குணகம். அது ஒரு பொருளுக்கு எஞ்ஞான்றும் மாறாத எண் அன்று. மோதும் வேகம் சிறுத்துச் செல்ல அஃது ஒன்றை அணுகும் என இராமன் காட்டினார். ஆதலின், மாணவர்களே, மீள்தன்மை பூரணமெனக் கூறப்படாதவிடத்து இயக்கப்பாட்டுச் சக்தியைச் சமப்படுத்தி விடை தேடாதீர்கள். மோதுந் திசையிற் புறவிசைத் தாக்கம் இல்லையேல் உந்தச் சமன்பாட்டை நம்பலாம். அதனை எழுதுமுன் திசைக்குறியைத் தெளிந்து கொள்ளுங்கள்.

1923 இல் கொம்ரன் என்னும் அமெரிக்கர் எக்ஸ் கதிரின் சிதறலை, ஒளித்துணிக்கைக்கும் இலத்திரனுக்கும் இடைப்பட்ட மோதுகையாகவே விளக்கினார். 1928 பெப்ரவரி 28 இல் இராமன், கே. எஸ். கிருஷ்ணன் துணையுடன், ஒளி மூலக்கூறுகளுக்குச் சக்தியை ஈந்தும் அவற்றினின்று ஏற்றும் நிறம் மாறுதலைக் கண்டார். 1930 இல் நொபெல் பரிசு அவரை அடைந்தது. 1970 நவம்பர் 21 இல் பெங்களூரில் அவர் மறைந்தார். போளையளவான சிறு பொருளையும் இகழாது நோக்கிய அக்கண்ணே ஒளியின் மறையையும் கண்டது. நம் கல்லூரி மாணவரும் அந்நோக்குப் பெற்று உயர்வாராக.