ஒற்றைக்கை மைக்கேல் டாவிட்

அயர்லாந்து தேசத்தின் மேற்குப் பக்கத்தில் மேயோ என்றொரு ஜில்லா இருக்கிறது. கல்லும் சதுப்பும் நிறைந்த பூமி. அங்கே ஸ்ட்ரேட் என்னும் சிற்றூரில், 1846-ம் வருஷம் மார்ச் மாதம் 25-ந் தேதி, மங்கள வார்த்தைத் திருநாளன்று, மார்ட்டின் டாவிட் என்ற ஏழைக் குடியானவர் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மைக்கேல் என்று பெயரிட்டார்கள். அன்பான வாசகரே, இந்தப் பெயரை நீர் இதற்குமுன் கேள்விப்படாமல் இருக்கலாம். ஆனால் அவர் நடத்திய போராட்டத்தில் பிறந்த ஒரு சொல்லை நீர் பலமுறை சொல்லியிருப்பீர். அது என்ன சொல் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அக்காலத்து ஐரிஷ் குடியானவனின் நிலைமையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நிலம் அவனுடையதல்ல, அது நிலச்சுவான்தாருடையது. அந்த நிலச்சுவான்தார் பல சமயம் டப்ளினிலோ லண்டனிலோ இருப்பார். காரியஸ்தர் ஒருவர்தான் ஊரில் இருந்து குத்தகை வசூலிப்பார். குடியானவனுக்கு எழுத்து மூலமான உரிமை எதுவும் இல்லை. சதுப்பை வடித்து, கல்லைப் பொறுக்கி, நிலத்தைத் திருத்தினால், நிலம் நன்றாயிருக்கிறதே என்று குத்தகையை உயர்த்துவார்கள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கும் பயந்தவர்கள் உண்டு. விளைந்த ஓட்ஸ் தானியமும் வளர்த்த பன்றியும் குத்தகைக்குப் போகும். குடும்பத்துக்குச் சாப்பாடு உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கு மாத்திரமே.

அந்தக் கிழங்கில் 1845-ம் வருஷம் பூஞ்சை நோய் விழுந்தது. அதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்திலும் காய்ச்சலிலும் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறிப் போனார்கள். இந்த வேளையில்தான், 1847-ல், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்குச் சர்க்கார் உதவி கிடையாது என்று சட்டம் செய்தார்கள். பிள்ளைகளுக்குக் கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விட்டுவிட வேண்டும். நிலத்தை வைத்துக்கொண்டால் பட்டினி. 1849 முதல் 1854 வரை மாத்திரம் ஏறக்குறைய இரண்டரை லட்சம் ஜனங்கள் வீடு நிலங்களிலிருந்து துரத்தப்பட்டார்கள்.

துரத்துவது எப்படி நடந்தது? ஷெரீபின் ஆட்கள் போலீசோடு வருவார்கள். அடுப்பு நெருப்பை அணைப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அணையாமல் காத்த நெருப்பு அது. கட்டில், தொட்டில், சட்டி பானை எல்லாவற்றையும் தெருவில் வைப்பார்கள். பிறகு குடும்பம் திரும்பவும் உள்ளே நுழையாதபடி உத்திரத்தை அறுத்துக் கூரையைச் சாய்ப்பார்கள், அல்லது கொளுத்திவிடுவார்கள். அண்டை வீட்டார் அவர்களுக்கு இடம் கொடுத்தால் அவர்களுக்கும் அதே கதி என்று மிரட்டுவதும் உண்டு.

1850-ல் மார்ட்டின் டாவிட்டுக்குக் குத்தகை பாக்கி. வீடு அழிக்கப்பட்டது. மைக்கேலுக்கு அப்போது நாலு வயது. எரிகிற வீட்டைப் பார்த்த அந்தக் கண்கள் கடைசிவரை அதை மறக்கவில்லை. பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஸ்வின்போர்டில் இருந்த சர்க்கார் ஏழை விடுதிக்குப் போனார்கள். மூன்று வயது கடந்த ஆண்பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வேறு கட்டடத்தில் வைப்பது அங்கே விதி. தாய் கத்தரினம்மாள் சம்மதிக்கவில்லை. போன ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த விடுதியைவிட்டு வெளியே வந்துவிட்டாள். கையில் காசில்லை, தலைக்குமேல் கூரையில்லை. ஆனாலும் பிள்ளை தன்னோடு இருந்தான். வாசிக்கத் தெரியாத அந்தத் தாயைப் பற்றி எழுதப்பட்டிருப்பது மிகக் கொஞ்சம். இருப்பினும் மகனுடைய பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தேட நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை.

குடும்பம் கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்து, லங்காஷயரில் ஹாஸ்லிங்டன் என்ற பஞ்சாலை ஊரில் குடியமர்ந்தது. மைக்கேல் ஒன்பது வயதில் ஆலை வேலைக்குப் போனான். 1857-ம் வருஷம் மே மாதம், பெரிய பையன் ஒருவன் செய்யவேண்டிய இயந்திர வேலையைப் பதினோரு வயதுச் சிறுவனான இவனைச் செய்யச் சொன்னார்கள். பற்சக்கரத்தில் வலது கை சிக்கிக்கொண்டது. கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. நஷ்ட ஈடு ஒரு காசும் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த விபத்தினாலேயே அவனுக்குப் படிப்புக் கிடைத்தது. ஆலைக்கு இனி உதவமாட்டான் என்பதால், உள்ளூர்ப் பஞ்சாலை முதலாளி ஒருவர் இரக்கப்பட்டு வெஸ்லியன் சபையாரின் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். பிற சபையாரின் பள்ளியில் படித்தும் அவன் கத்தோலிக்கனாகவே இருந்தான். அதோடு, மாற்று மதத்தாரை மதிக்கும் பழக்கமும் அங்கேதான் வந்தது. பிறகு தபாலாபீசும் அச்சுக்கூடமும் சேர்ந்த ஓரிடத்தில் வேலை. இரவில் தொழிலாளர் வாசகசாலை. வீட்டிலோ பஞ்சத்தின் கதை, துரத்தப்பட்ட கதை.

பத்தொன்பது வயதில் அவர் ஆயுதப் புரட்சி செய்யத் துணிந்த பீனியர் என்ற இரகசிய சங்கத்தில் சேர்ந்தார். திருச்சபை அச்சங்கத்தைக் கண்டித்திருந்தது. 1870-ல் லண்டன் பாடிங்டன் ரயில் நிலையத்தில் ஆயுதங்களுக்காகக் காத்திருந்தபோது பிடிபட்டார். பதினைந்து வருஷக் கடுங்காவல் தண்டனை. டார்ட்மூர் சிறையில் ஒற்றைக் கையால் கல் உடைத்தார். மற்றக் கைதிகளோடு வண்டியில் பூட்டப்பட்டு இழுத்தார். அழுகிய எலும்புகளை உரத்துக்காக இடித்தார். 1877 டிசம்பரில், கிறிஸ்மசுக்குச் சில நாளுக்கு முன், நிபந்தனையின்பேரில் விடுதலையானார். ஏழு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்த மனிதர் பழிவாங்கும் எண்ணத்தோடு வெளியே வந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள். அவரோ துப்பாக்கியை விட்டுவிட்டு நிலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தார்.

1879-ல் அவர் மேயோவுக்குத் திரும்பினார். மழையினால் விளைச்சல் கெட்டு, அமெரிக்கத் தானிய வரவால் விலையும் விழுந்து, மறுபடியும் பஞ்சம் வாசற்படியில் நின்றது. ஐரிஷ்டவுன் என்ற சிற்றூரில் குத்தகை பாக்கிக்காகச் சில குடிகளைத் துரத்த ஏற்பாடாகியிருந்தது. அந்த நிலத்தை நிர்வகித்தவர் யார் தெரியுமா? கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர், கனோன் பர்க் என்பவர். இறந்துபோன தம் சகோதரரின் சொத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசகரே, இதைச் சொல்லாமல் தாண்டிப் போகலாம் என்று சிலர் நினைப்பார்கள். தாண்டிப் போனால் டாவிட்டின் கதை கதையாக இராது. தங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, தங்கள் சாவில் அவஸ்தைப் பூசுதல் கொடுக்கும் குருவர்க்கத்தில் ஒருவருக்கு எதிராகக் கூட்டம் கூடுவது அந்த எளிய ஜனங்களுக்கு எவ்வளவு வேதனையாயிருந்திருக்கும்! ஆனாலும் ஏப்ரல் 20-ந் தேதி ஆயிரக்கணக்கில் கூடினார்கள். தீர்மானங்களைத் தயாரிப்பதில் டாவிட்டின் கை இருந்தது. கூட்டத்துக்கு அவர் வரவில்லை. யாரையும் வையவில்லை, யார்மேலும் கல்லெறியவில்லை. குடிகளைத் துரத்துவது நின்றது. குத்தகையில் கால் பங்கு குறைந்தது.

ஜூன் மாதம் வெஸ்ட்போர்ட்டில் அடுத்த கூட்டம். ஏழைகளின் தோழரென்று பெயர்பெற்ற வயோதிகரான டூவாம் அதிமேற்றிராணியார் மக்ஹேல் ஆண்டவரின் பெயரில் அதைக் கண்டித்துப் பத்திரிகையில் கடிதம் வந்தது. தலைவர் பார்னல் இருந்தும் வந்து பேசினார். விரைவில் பல விசாரணைக் குருக்களும் மேடையில் உட்கார்ந்தார்கள். தங்கள் ஜனங்கள் பட்ட பாட்டை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? அக்டோபர் 21-ல் டப்ளினில் ஐரிஷ் தேசிய நிலச் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. பார்னல் தலைவர், டாவிட் செயலாளர்களில் ஒருவர். 1880 பிப்ரவரி முதல் தேதி, ஸ்ட்ரேட் கிராமத்தில், தம் வீடு இருந்த அதே இடத்தில் போட்ட மேடையில் அவர் ஏறி நின்று பேசினார்.

சங்கத்தின் யுக்தி என்ன? இதுதான் கவனிக்கத்தக்கது. ஒரு குடியானவனை நிலச்சுவான்தார் துணிந்து துரத்துவதற்குக் காரணம் போலீசு மாத்திரமல்ல. காலியான நிலத்தை அதிகக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்காரன் வந்து நிற்பான் என்ற நிச்சயமே காரணம். துரத்தப்பட்டவனின் துயரம் பக்கத்து வீட்டுக்காரனுக்கு லாபம். அந்த ஆசையை அடக்கிவிட்டால் வீட்டை இடித்து என்ன பயன்? நிலம் தரிசாய்க் கிடக்கும். ஆகவே சங்கம் குடியானவர்களிடம் கேட்டது பெரிய வீரச் செயல் அல்ல. துரத்தப்பட்டவனின் நிலத்தை யாரும் எடுக்காதீர்கள் என்பதே. பசித்த ஜனங்களிடம் இதைக் கேட்பது எளிதல்ல. அவர்கள் செய்ததும் எளிதல்ல. எடுத்தவனோடு கொடுக்கல் வாங்கலும் பேச்சும் கிடையாது என்று 1880 செப்டம்பரில் என்னிஸ் என்ற ஊரில் பார்னல் விளக்கினார்.

அந்த மாதமே மேயோவில் மாஸ்க் ஏரிக்கரையில் அது நடந்தது. ஏர்ன் பிரபுவின் காரியஸ்தரான காப்டன் பாய்காட் குடிகளைத் துரத்த நோட்டீஸ் அனுப்பினார். வேலைக்காரர் நின்றுவிட்டார்கள், கொல்லனும் கடைக்காரனும் அவருக்கு எதுவும் செய்ய மறுத்தார்கள். அவருடைய விளைச்சலை அறுக்க வடக்கிலிருந்து ஐம்பது ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஆயிரம் பேர் அளவில் படையும் போலீசும் வந்தது. சுமார் 500 பவுன் பெறும் கிழங்கையும் தானியத்தையும் காப்பாற்றச் சுமார் 10,000 பவுன் செலவாயிற்று. அவ்வூர்ப் பங்குக் குருவானவர் ஓமாலி சுவாமியார்தான் தம் ஜனங்களுக்கு வாயில் நுழையும்படியாக அந்த மனிதரின் பெயரையே அச்செயலுக்குச் சொல்லாக்கினார் என்பர். பாய்காட் என்று நாம் சொல்வது அந்தச் சொல்தான். கால் நூற்றாண்டுக்குப்பின் வங்காளத்தில் சீமைத் துணியை விலக்கியபோது நம் தேசத்திலும் அது வழங்கலாயிற்று.

அந்த ஆண்டு 2,110 குடும்பங்கள் துரத்தப்பட்டன. துரத்துதல் உடனே நின்றுவிடவில்லை. மறுபக்கத்தில் கால்நடைகளை ஊனப்படுத்துவதும் கொலையும் நடந்தன. டாவிட் அவற்றை எப்போதும் கண்டித்தார். அவை குடியானவன் வழக்கையே கெடுக்கும் என்பது அவர் எண்ணம். 1881 பிப்ரவரியில் சர்க்கார் அவரை மறுபடி சிறையில் அடைத்தது. அவ்வருஷமே கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம் நியாயமான குத்தகையை நீதிமன்றம் நிர்ணயிக்க வழிசெய்தது. போர்ட்லண்ட் சிறையில் அவர் ஒரு கரும்பறவையை வளர்த்தார். பின்னர் தாம் எழுதிய சிறைக் குறிப்புகளை அதற்கே சமர்ப்பணம் செய்தார். 1882 மே 6-ல் அவர் வெளிவந்த அதே நாளில் டப்ளின் பீனிக்ஸ் பூங்காவில் சர்க்கார் அதிகாரிகள் இருவர் குத்திக் கொல்லப்பட்டார்கள். பார்னலோடும் டில்லனோடும் சேர்ந்து அதைக் கண்டித்து உடனே அறிக்கை வெளியிட்டார்.

பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலம் முழுவதும் ஜனங்களின் பொதுச் சொத்தாக வேண்டும் என்றார்; குடியானவர்கள் அதை ஏற்கவில்லை, தங்கள் துண்டு தங்களுக்கே வேண்டும் என்றார்கள். 1903-ம் வருஷச் சட்டத்தினால் அவர்களில் பெரும்பாலோர் நாளடைவில் சொந்தக்காரர் ஆயினர். நிலச்சுவான்தாருக்கு அச்சட்டம் அளவுக்குமேல் பணம் கொடுக்கிறது என்று டாவிட் எதிர்த்தார். நிலமே இல்லாத கூலியாளுக்குக் கிடைத்தது சொற்பமே. இதில் டாவிட்டின் கவலை நியாயமானதென்றே எனக்குத் தோன்றுகிறது. 1892-ல் பாராளுமன்றத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். ஆனால் மீத் மேற்றிராணியாரின் நிருபம் அவருக்குச் சாதகமாக அளவுமீறிப் பேசியது என்று வழக்குத் தொடர்ந்து அந்தத் தேர்தலையே தள்ளிவிட்டார்கள். ஆதரவும் சில வேளை அப்படி முடிகிறது. 1899-ல் தென் ஆப்பிரிக்க யுத்தத்தைக் கண்டித்துத் தாமே பதவியை விட்டார்.

இன்னொன்றைச் சொல்லவேண்டும். 1903-ல் ருஷ்யாவிலிருந்த கிஷினேவ் நகரில் யூதர்கள் படுகொலை செய்யப்பட்டபோது நேரில் போய் விசாரித்து ஒரு புத்தகம் எழுதினார். மறுவருஷம் அயர்லாந்தில் லிமெரிக் நகரில் துறவியான ஒரு குருவானவர் பிரசங்கத்தில் யூத வியாபாரிகளைத் தாக்க, ஊரார் அந்தச் சில குடும்பங்களை விலக்கிவைத்தார்கள். பலமுள்ளவனுக்கு எதிராகத் தாம் பழக்கிய ஆயுதம் பலமற்றவனுக்கு எதிராகத் திரும்பியதை டாவிட் கண்டார். பெரும்பாலோர் வாய் திறவாத நேரத்தில் பத்திரிகையில் பகிரங்கமாக அதைக் கண்டித்தார். ஐரிஷ்டவுனில் குருவானவருக்கு எதிரில் நின்றவர் இருபத்தைந்து வருஷம் கழித்தும் அதே இடத்தில் நின்றார். இரண்டு முறையும் திருச்சபையின் பிள்ளையாகவே நின்றார்.

பல் பிடுங்கியதில் இரத்தம் விஷமாகி, 1906-ம் வருஷம் மே 30-ந் தேதி டப்ளினில் காலமானார். வயது அறுபது. ஆடம்பரம் வேண்டாம், அயர்லாந்தில் இறந்தால் ஸ்ட்ரேட்டில் அடக்கம் செய்யுங்கள் என்று உயிலில் எழுதியிருந்தார். பகைவர்களுக்கு முழு மன்னிப்பும் அதில் இருந்தது. கார்மேல் சபையாரின் கோவிலில் சரீரம் வைக்கப்பட்டிருக்க, இருபதாயிரம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். பிறகு ரயிலில் பாக்ஸ்போர்டு வரை கொண்டுபோய், அங்கிருந்து ஸ்ட்ரேட்டுக்குச் சேர்த்தார்கள். பாழடைந்த பழைய மடத்தின் நிழலில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவர் ஞானஸ்நானம் பெற்ற சிறு கோவில் பக்கத்திலேயே நிற்கிறது. அதை இப்போது அவருடைய நினைவுக் காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள்.