நரம்பணு கண்ட நல்லறிஞர்

திருவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம் செல்லும்போதெல்லாம் சஞ்சீவி மலையை நான் நிமிர்ந்து பார்ப்பதுண்டு. மாண்டவரை எழுப்பும் மூலிகையின் பெயர் தாங்கிய மலை அது. என் தாத்தா பக்கவாதத்தால் பேச்சிழந்த நாள் முதல் ஒரே கேள்வி என்னை வாட்டியது. அழிந்த மூளைக்கும் ஒரு சஞ்சீவி உண்டா? விடை தேடி நூலகம் புகுந்தபோது நான் கண்ட பெரியவரே சாந்தியாகோ ரமோன் இ கஹால்.

ஸ்பெயின் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் 1852-ஆம் ஆண்டு பிறந்தார். படிப்பில் நாட்டமின்றிச் சித்திரம் தீட்டித் திரிந்த சிறுவனை, மருத்துவரான தந்தை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டார். பின்னர் எலும்புகளை வரையச் செய்து உடற்கூற்றியலைப் புகட்டினார். தந்தை வெறுத்த சித்திரக் கலையே மகனின் அறிவியலுக்குத் துணையாயிற்று!

இத்தாலிய அறிஞர் கோல்கி கண்ட வெள்ளிச் சாய முறையைக் கஹால் 1887-இல் நேரில் கண்டார். அம்முறையில் மூளையின் மெல்லிய சீவல்களில் சில நரம்பணுக்கள் மட்டும் கருநிறமாய்த் துலங்கும். நுண்பெருக்கியில் கண்டவற்றை அயராது வரைந்தார். மூளை ஒரே தொடர்வலை என்றார் கோல்கி. தனித்தனி அணுக்களால் ஆனது என்று 1888-இல் காட்டினார் கஹால். கருத்தில் மோதிய இருவரும் 1906-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

வளர்ந்தவரின் மூளையில் அழிந்த நரம்பணு மீண்டும் முளைக்காது என்பது கஹாலின் முடிவு. எனினும் அக்கொடிய தீர்ப்பை மாற்றும் பொறுப்பை வருங்கால அறிவியலிடம் அவர் ஒப்படைத்தார். 1934-இல் மறைந்தார்.

அவருக்குப் பின், 1965-இல் ஜோசப் ஆல்ட்மனும் கோபால் தாசும் எலி மூளையின் நினைவுப் பகுதியில், பிறந்த பின்னரும் நரம்பணுக்கள் தோன்றுவதைக் காட்டினர். உலகம் நெடுநாள் நம்பவில்லை. மனித மூளையிலும் அவற்றைக் கண்டதாக 1998-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சக்கரத்தில் ஓடிய சுண்டெலிகளுக்கு அவை பெருகியதை 1999-இல் கண்டனர். ஆனால் 2018-இல், வளர்ந்த மனிதரிடம் அவற்றைக் காணவில்லை என ஒரு குழுவும், முதுமையிலும் உண்டு என மற்றொரு குழுவும் அறிவித்தன. வழக்கு இன்னும் முடியவில்லை.

பக்கவாதம் அழித்த இடத்தை நிரப்பும் சஞ்சீவி இன்னும் கிட்டவில்லை என்பதை அறிவேன். ஆயினும், பயிற்சியால் நரம்பணுக்களின் இணைப்புகள் வளரக்கூடும் என்று 1894-இலேயே கருதியவரும் கஹால்தான் அல்லவா? அதை நம்பி, நாள்தோறும் மாலையில் தாத்தாவின் அருகில் அமர்ந்து சொல் சொல்லாகப் பேசப் பழக்கினேன். ஏழு திங்கள் கழித்து ஒருநாள் என் பெயரைச் சொன்னார். பாதிதான் வந்தது. நண்பர்களே, அந்தப் பாதி எனக்குப் போதும். மீதிக்கு நாளையும் அவர் அருகில் அமர்வேன்.