பேராசிரியர் ஸெர்மெலோ

சதுரங்க ஆட்டத்தில் இருதரத்தாரும் பிழையின்றி ஆடினால் முடிவு முன்னமே நிச்சயமானதா? பாரத நாட்டில் தோன்றிய இவ்வாட்டத்தைக் குறித்து இக்கேள்வியைக் கணித சாஸ்திர ரீதியாக ஆராய்ந்தவர் ஜெர்மானியப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஸெர்மெலோ.

அவர் 1871-ம் வருஷம் ஜூலை மாதம் 27-ந் தேதி பெர்லினில் பிறந்தார். 1894-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கெட்டிங்கன் சர்வகலாசாலையில் இருந்தபோது 1904-லும் 1908-லும் வெளியிட்ட கட்டுரைகளால் ஐரோப்பா முழுதும் கீர்த்தி பெற்றார். 1910-ல் ஜூரிச்சில் பேராசிரியரானார். சுவாசகோச நோயினால் 1916-ல் அவ்வுத்தியோகத்தினின்று விலக நேர்ந்தது.

1912-ல் கேம்பிரிட்ஜில் கூடிய சர்வதேசக் கணித மகாநாட்டில் அவர் சதுரங்கத்தைப்பற்றிப் பேசினார். வெள்ளைக் காய்களை ஆடுவோன் தவறாமல் ஜயிக்க வழியுண்டு. அன்றேல் கறுப்புக் காய்களை ஆடுவோனுக்கு அவ்வழியுண்டு. இரண்டும் அன்றேல் இருவருமே தோல்வியைத் தவிர்க்கலாம். இம்மூன்றில் ஒன்று நிச்சயம் என்பது அவர் கண்ட முடிவு. எது என்பதை இன்றளவும் எவரும் நிரூபித்திலர்.

பின்வந்தோர் இதற்கு ஒரு கணக்கு முறை வகுத்தனர். ஆட்டத்தின் ஒவ்வொரு நிலையையும் ஒரு புள்ளியாகவும், ஒவ்வொரு நகர்த்தலையும் ஒரு கோடாகவும் கொள்க. நமக்கு ஜயம் கிட்டிவிட்ட நிலைகளுக்கு முதலில் குறியிட வேண்டும். நாம் நகர்த்த வேண்டிய நிலையாயின், அங்கிருந்து குறியுள்ள நிலை ஒன்றுக்கேனும் வழியிருந்தால் அதற்கும் குறியிடலாம். எதிரி நகர்த்த வேண்டிய நிலையாயின், அவன் எப்பக்கம் திரும்பினும் குறியுள்ள நிலையிலேயே சென்று விழவேண்டும், அப்போதுதான் குறி. புதிய குறியிட இடமின்றிப் போகும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எதிரியின் வழிகளை ஒவ்வொன்றாய் அடைக்கும் இவ்வித்தை ராஜீயவாதிகளுக்குப் புதிதன்று! செக்கர்ஸ் என்னும் ஆட்டத்தில் இருவரும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வியில்லை என்று 2007-ல் கானடா நாட்டு விற்பன்னர்கள் நிலைநாட்டியபோது, இவ்வாறு முடிவிலிருந்து பின்னோக்கிக் கணிப்பதும் அவர்களுக்குத் துணையாயிருந்தது.

ஸெர்மெலோ 1926 முதல் பிரைபர்க் சர்வகலாசாலையில் கௌரவப் பேராசிரியராக இருந்தார். ஹிட்லர் ஆட்சி வந்ததும், ஆசிரியர்கள் கையை உயர்த்தி வந்தனம் செய்தே பாடம் துவங்க வேண்டுமென்று கட்டளை பிறந்தது. ஸெர்மெலோவின் கை உயரவில்லை. உடனிருந்தோரே அவர்மீது குற்றஞ்சாட்டினர். சாஸ்திரம் கற்றவனுக்கு ராஜீயம் எதற்கு என்போர் இதைக் கவனிப்பார்களாக. அப்போது அவருக்கு வயது 63; தேகமோ நலிந்தது. வேறு சர்வகலாசாலை எதுவும் காத்திருக்கவில்லை. எனினும் 1935-ல் அவர் பதவியைத் துறந்து வெளியேறினார்.

யுத்தம் முடிந்தபின், 1946-ல், அப்பதவி மீண்டும் அவருக்கு அளிக்கப்பட்டது. ஆனால் கண்பார்வை மங்கிவிட்டமையால் அவர் பாடம் சொல்ல முடியவில்லை. 1953-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி பிரைபர்க்கிலேயே காலமானார்.