கைதட்டலுக்கு அப்பால்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், குற்றாலச் சாரல் வந்து தழுவும் ஊர் செங்கோட்டை. அன்று திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த அவ்வூரில், 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், கங்காதர ஐயர், மீனாட்சி அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார் இராமகிருஷ்ணன். பின்னாளில் எஸ்.ஜி. கிட்டப்பா என்னும் பெயரால் தமிழ் நாடக மேடையில் புகழ் பெற்றவர் அவரே.

பிள்ளைகள் பலர் இருந்த அக்குடும்பத்தில் வறுமையும் உடனிருந்தது. தமையன்மார் நாடகக் குழுவில் சேர, தம்பியும் அவர்களைப் பின்தொடர்ந்தார். ஏறத்தாழ ஆறாம் வயதில் மேடையேறிய அவருக்குப் பள்ளிப்படிப்பு வாய்க்கவில்லை, மேடையே பள்ளியாயிற்று.

அக்காலத்தில் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய குழுக்கள் 'பாய்ஸ் கம்பெனி' என்று வழங்கப்பட்டன. சங்கரதாசு சுவாமிகள் போன்ற பேராசான்கள் அங்கே பாட்டும் வசனமும் பயிற்றினர். சோறும் கலையும் ஒருங்கே கிடைத்தமையால், ஏழைப் பெற்றோர் தம் பிள்ளைகளை நம்பி அனுப்பினர். ஆயினும் அவ்வாழ்க்கை எளிதன்று. வீட்டைப் பிரிந்து ஊர் ஊராய்ச் செல்ல வேண்டும். விடிய விடிய நடிக்க வேண்டும். கண்டிப்பும் அடியும் பயிற்சியின் பகுதியாகக் கருதப்பட்டன. வளரும் பருவத்தில் மகரக்கட்டு உடைந்து குரல் மாறினால், பாட்டை நம்பி வாழ்ந்த சிறுவன் தன் இடத்தையே இழக்க நேரிடும். அந்த அச்சத்தை யாரிடம் சொல்வது? கேட்பதற்கென்று அங்கே எவரும் அமர்த்தப்படவில்லை.

கிட்டப்பாவின் குரல் அவரைக் கைவிடவில்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில், உச்ச சுருதியில் அவர் பாடியது கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது. கன்னையா நாடகக் குழுவில் புகழின் உச்சிக்குச் சென்றார். இசைத்தட்டுகள் அவர் பாடல்களை வீடுதோறும் சேர்த்தன. அவரைப் போலவே இளமையில் மேடையேறிய கே.பி. சுந்தராம்பாளை இலங்கையில் சந்தித்தார். பின்னர் இருவரும் வாழ்விலும் இணைந்தனர். எனினும் புகழ் வளர்ந்த அளவுக்கு ஓய்வு வளரவில்லை. உடல் நலிந்த நிலையிலும் மேடை அவரை அழைத்தது. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், 27ஆம் வயதில் அவர் மறைந்தார். சுந்தராம்பாள் அன்று முதல் வெண்ணிற ஆடை உடுத்தி எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார்.

ஆயிரவர் அவர் குரலைக் கேட்டு மகிழ்ந்தனர். அக்குரலுக்குரிய சிறுவனின் உள்ளத்தை எத்தனை பேர் கேட்டனர்? பாராட்டு வேறு; பரிவு வேறு. முன்னது திறமையைக் காண்கிறது. பின்னது திறமையை உடைய மனிதரைக் காண்கிறது.

இவ்வேறுபாட்டை உணர்ந்தே பிற்காலச் சட்டங்கள் எழுந்தன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், குழந்தைகளுக்கு உடல் தண்டனை தருவதையும் மனத்துன்பம் விளைவிப்பதையும் தடை செய்கிறது. நடிக்கும் குழந்தைகள் நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மேல் பணிபுரியக் கூடாது. 3 மணி நேரத்திற்கு மேல் ஓய்வின்றி இருத்தலாகாது. அவர்தம் படிப்பும் தடைப்படலாகாது என்று 2017ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

சட்டம் எல்லை வகுக்கும். அன்போடு செவிசாய்ப்பது மனிதர் கடமை. பந்தயத்தில் முந்தும் தோழனுக்கும் முதல் மதிப்பெண் பெறும் தோழிக்கும் சொல்லப்படாத சோர்வு இருக்கலாம். கைதட்டி முடித்தபின் அவர்கள் அருகில் அமர்ந்து நலம் கேட்பது, மாணவர் ஒவ்வொருவராலும் இயலும் உதவியாகும். தமக்கே அச்சோர்வு நேரும்போது, நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ மனம் திறப்பது கோழைத்தனமன்று. கிட்டப்பாவின் காலத்துச் சிறுவர்க்கு வாய்க்காத அவ்வாய்ப்பு, இன்றைய வகுப்பறையில் எவருக்கும் மறுக்கப்படலாகாது.